செட்டிநாட்டு வீட்டை ஹோட்டலாக்கப் போறீங்களா? முதல்ல சுவருக்குள்ளே பாருங்க



போன மாதம் என் காலேஜ் நண்பன் ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருந்தான். பெங்களூரில் ஐடி வேலை, கைக்கு வரும் சம்பளம் 1,10,000 ரூபாய். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் அவன் குடும்பத்துக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். கல்யாணம், படைப்பு என்று ஏதாவது வந்தால்தான் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டுதான். “மச்சான், ஆறு பேர் சேர்றோம். ஆளுக்கு 20 லட்சம். ஹெரிட்டேஜ் ஹோட்டல். ஷீட்டைப் பாரு, பிடிச்சா நீயும் வா” என்று கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

ஷீட் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. 10 அறை. ஒரு இரவுக்கு 4,500 ரூபாய். வருஷத்தில் பாதி நாள் அறைகள் நிறையும் என்று வைத்தால் 82 லட்சம் வருமானம். மொத்தச் செலவு 1 கோடியே 20 லட்சம். தேக்குத் தூணுக்குப் பாலிஷ், கட்டில், திரைச்சீலை, பித்தளை விளக்கு, போட்டோ ஷூட், வெப்சைட் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி போட்டிருந்தான். கீழே இறங்கி வந்தால், கடைசிக்கு முந்தைய வரியில் இப்படி இருந்தது: “எலக்ட்ரிக்கல், பிளம்பிங் - 6 லட்சம்.”

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றித்தான். பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றும் தொழிலில் உங்கள் பணம் நிலைக்குமா போகுமா என்று முடிவு செய்வது அந்த வரிதான் என்பது என் கருத்து. வயர், குழாய், கழிவுநீர், ஏசி, தீப் பாதுகாப்பு. இதற்கெல்லாம் முதலில் பணம் ஒதுக்குங்கள். மிச்சம் இருந்தால் தூணுக்குப் பாலிஷ் போடலாம். ஒதுக்க முடியவில்லை என்றால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் பணம் போடாதீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கு. 2018-ல் சிவகங்கை மாவட்டத்தில் இதே மாதிரி ஒரு பழைய வீட்டுத் திட்டத்தில் 2 லட்சம் போட்டேன். தெரிந்தவர் கேட்டார், வீட்டைப் பார்த்ததும் மயங்கிட்டேன், போட்டேன். அவர்கள் முதலில் சுவரைச் சரி செய்து, சுண்ணாம்புப் பூச்சுக்கு மெருகேற்றி, கதவையெல்லாம் பாலிஷ் போட்டு முடித்தார்கள். பிறகுதான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவர் பழைய வயரை லேசாக வளைத்துப் பார்த்தார், ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மெருகேற்றிய சுவரை மறுபடி வெட்டினார்கள். 2019 ஜனவரியில் திறக்க வேண்டிய இடம் 2020 மார்ச்சில் திறந்தது. அந்த மாதக் கடைசியில் நாடு முழுக்க என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். என் 2 லட்சத்தில் 1 லட்சத்து 30 ஆயிரம் திரும்பி வந்தது. அதுவும் நாலு தவணையில்.

சரி, நண்பன் வீட்டுக்கு வருவோம்.

செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரைக்கும் கட்டப்பட்டவை. பர்மாத் தேக்கு, இத்தாலிய மார்பிள், ஆத்தங்குடி டைல்ஸ் எல்லாம் ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். இந்த ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இருக்கின்றன. ஆனால் அந்த வீடு எதற்காகக் கட்டப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கூட்டுக் குடும்பம் புழங்குவதற்கும், நூற்றுக்கணக்கான பேரை உட்கார வைத்து விருந்து போடுவதற்கும் கட்டிய வீடு அது. வளவைச் சுற்றி இருக்கிற அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று ஒதுக்கியவை. சின்ன அறைகள், பலதுக்கு வெளிப்பக்கம் ஜன்னலே கிடையாது. படுப்பது, உட்காருவது, சாப்பிடுவது எல்லாம் பட்டாலையிலும் முற்றத்தைச் சுற்றியும்தான். கழிப்பிடம் வீட்டின் கடைசியில், பின்கட்டுக்கும் அப்பால்.

இப்போது 4,500 ரூபாய் கொடுத்து வருகிறவர் என்ன கேட்பார்? அறைக்குள்ளேயே பாத்ரூம், சுடுதண்ணி, ஏசி. இதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது, நானும் நீங்களும் கேட்பதும் அதைத்தான்.

இங்கேதான் எக்செல் ஷீட்டின் முதல் ஓட்டை. அந்தச் சின்ன அறைக்குள் பாத்ரூம் வைத்தால் கட்டில் போட இடம் இருக்காது. வழக்கமாக என்ன செய்கிறார்கள் என்றால், பக்கத்துப் பக்கத்து அறை இரண்டைச் சேர்த்து, ஒன்றைப் படுக்கை அறையாகவும் இன்னொன்றைப் பாத்ரூமாகவும் மாற்றுகிறார்கள். நண்பன் வீட்டில் நாங்கள் டேப் வைத்து அளந்து பார்த்தோம். 10 அறை 6 அறையானது. அதே வாடகை, அதே பாதி நாள் கணக்கு வைத்தால் 82 லட்சம் 49 லட்சமாக இறங்கியது. வாடிக்கையாளர் ஒருத்தர்கூட இன்னும் வரவில்லை, போட்டி இல்லை, கொரோனா இல்லை. வெறும் குழாய் போகிற வழி மட்டுமே வருமானத்தில் 33 லட்சத்தைத் தின்றுவிட்டது. ‘எத்தனை அறை?’ என்று தீர்மானிப்பது பிளம்பர். அதை ஓனர் தீர்மானித்துவிட்டு பிளம்பரைக் கூப்பிட்டால் இப்படித்தான்.

குழாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா பணம் ஒழுகிற இடம் இதுதான். நல்ல தண்ணீர்க் குழாய் மெல்லியது, எப்படியும் வளைத்து நெளித்துக் கொண்டுபோகலாம். கழிவுக் குழாய் அப்படி இல்லை. நாலு அங்குலக் குழாய் சரிவாகப் போக வேண்டும். 60 அடி தூரத்துக்கு ஒரு அடி இறக்கம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் நடுவில் இருக்கிற அறையிலிருந்து பக்கச் சந்துக்கு 40 அடி என்றால், குழாய் எட்டு அங்குலம் கீழே இறங்கியாக வேண்டும். எதற்குக் கீழே? அந்த ஆத்தங்குடித் தரைக்குக் கீழே. அந்த டைல்ஸ் கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணக் கலவை ஊற்றி, சிமெண்ட் வைத்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. புதுசு இன்றைக்கும் கிடைக்கும். ஆனால் 80, 90 வருஷம் காலடி பட்டு ஏறிய அந்தப் பளபளப்பும் நிறமும் புது டைல்ஸில் வராது. நடுவில் நாலு வரிசை மட்டும் புதுசாகத் தெரிந்தால் பார்க்கிறவர்களுக்கு உடனே கண்ணில் உறுத்தும்.

தெரிந்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பாத்ரூம்களையெல்லாம் வெளிச்சுவரை ஒட்டியே வைத்துவிடுவது. பாத்ரூம் தரையை ஒரு படி உயர்த்தி, சரிவை அந்த உயரத்துக்குள்ளேயே முடித்து, குழாயை நேராகப் பக்கச் சந்துக்கு வெளியே எடுத்துவிடுவது. பழைய தரையில் ஒரு டைல்ஸ்கூட உடையாது. நாளைக்கு ஹோட்டல் வேண்டாம் என்று முடிவு செய்தால், உயர்த்திய தரையைப் பெயர்த்துவிட்டால் அடியில் பழைய தரை அப்படியே இருக்கும். ஆனால் அதற்கு வெளிச்சுவர் உள்ள அறைகளைத்தான் எடுக்க முடியும். மறுபடியும் அறை எண்ணிக்கை குறையும். நண்பன் முகம் சுருங்கியது இந்த இடத்தில்தான்.

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். சாதாரண ஹோட்டலுக்கு ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் என்று வைப்பது இந்தியாவில் வழக்கமான தரக் கணக்கு. 10 அறை, 20 படுக்கை என்றால் 3,600 லிட்டர். ‘மாடியில் ஒரு 5,000 லிட்டர் சின்டெக்ஸ் போட்டுரலாம்’ என்று ஷீட்டில் இருந்தது. 5,000 லிட்டர் தண்ணீர் என்பது 5 டன். ஆறு ஆல்ட்டோ காரை மொட்டை மாடியில் நிறுத்துவதற்குச் சமம். தேக்கு விட்டத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரை அதற்காகக் கட்டியது கிடையாது. டேங்க்கைப் பின்பக்கத்தில் தனி இரும்பு ஸ்டாண்டில் வைத்து, பிரஷர் பம்ப் போட வேண்டும். அது தனிச் செலவு.

வந்த 3,600 லிட்டரும் எங்கே போகும்? இந்த ஊர்கள் பலதில் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க், அதிலிருந்து உறிஞ்சுகுழி. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவில் சுமார் 18 மீட்டர் இடைவெளி வேண்டும். உங்கள் வீட்டுக் கிணறு மட்டும் கணக்கில்லை, பக்கத்து வீட்டுக் கிணறும் கணக்கு. இரண்டு பக்கமும் வீடு ஒட்டி ஒட்டி இருக்கிற தெருவில் இந்த இடைவெளியைத் தேடிப் பார்த்தால் தெரியும் கஷ்டம். ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அந்தக் காலத்தில் கட்டியவர்கள் மழைத் தண்ணீருக்கு அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, கிணற்றுக்கும் ஊருணிக்கும் போகிற மாதிரி வழி வைத்திருக்கிறார்கள். புது ஆட்கள் செய்கிற முதல் காரியம், முற்றத்துக்கு மேலே கண்ணாடியோ பாலிகார்பனேட் ஷீட்டோ போட்டு மூடுவது. அதோடு அந்த வழியும் போச்சு, வீட்டுக்குள் வருகிற காற்றும் போச்சு. அப்புறம் ஏசி பில் ஏறுது என்று புலம்பல்.

ஏசி என்றதும் கரெண்ட்.

ஒரு 1.5 டன் ஏசி சுமார் 1.5 கிலோவாட். கீசர் 2 கிலோவாட். விளக்கு, ஃபேன், சின்ன ஃபிரிட்ஜ், கெட்டில் எல்லாம் சேர்த்து இன்னொரு அரை. அறைக்கு 4 கிலோவாட். 10 அறைக்கு 40. எல்லாமே ஒரே நேரத்தில் ஓடாது, அதனால் ஒரு 25 என்று வைக்கலாம். சமையலறை, பம்ப், துணி துவைக்கும் மெஷின் என்று இன்னொரு 10. ஆக, 35 கிலோவாட். அந்த வீட்டுக்கு இப்போது இருப்பது நாலு ஃபேனும் பத்து பல்பும் ஓட்டுகிற சிங்கிள் ஃபேஸ் லைன். த்ரீ ஃபேஸ் இணைப்பு, புது மெயின் போர்டு, எர்த்திங், அறைக்கு அறை தனி சர்க்யூட், ஷாக் அடித்தால் உடனே ட்ரிப் ஆகிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, ஜெனரேட்டர் எல்லாமே புதுசு. கரெண்ட் கனெக்‌ஷனும் வீட்டுக் கட்டணத்திலிருந்து வணிகக் கட்டணத்துக்கு மாறும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்கிற கதை அங்கே கிடையாது.

பழைய வயரிங்கை ‘இப்போதைக்கு லைட்டுக்கு மட்டும் வச்சுக்கலாம்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மரப் பட்டிக்குள் ஓடுகிற ரப்பர் உறை வயர் அது. ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். வெளியே பீங்கான் ஸ்விட்ச் பார்க்க அம்சமாக இருக்கும். அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பதை மொத்தமாக மாற்றுங்கள். வீட்டை வாங்கும் முன்போ லீஸ் போடும் முன்போ லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருத்தரை மெக்கருடன் அழைத்துப் போய் இன்சுலேஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனை மறந்துவிடலாம். அரை நாள் வேலை. நான் 2 லட்சம் போடும் முன் இதைக் கேட்டிருந்தால்... சரி விடுங்க.

புது வயரை எங்கே ஓட்டுவது என்பது அடுத்த சண்டை. ஃபிளாட்டில் செய்கிற மாதிரி சுவரை வெட்டி கன்சீல்டு வயரிங் செய்யத்தான் ஆட்கள் வருவார்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கண்ணாடி மாதிரி இழைத்த சுவரை ஒருமுறை வெட்டினால், பழையபடி ஒட்டுப்போடத் தெரிந்த கைகள் மிகக் குறைவு, கூலியும் அதிகம். ஒட்டுக்கு சிமெண்ட் வைத்துவிடுவார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி, காற்றில் விட்டு, தானே காய்ந்துகொள்கிற சுவர். மேலே சிமெண்டும் பிளாஸ்டிக் எமல்ஷனும் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஏசி அறையில் இது இன்னும் சீக்கிரம் தெரியும்: கதவைத் திறந்ததும் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் வேர்க்கும், ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணிக் குழாயைச் சரியாக வெளியே விடாவிட்டால் அதுவும் சுவருக்குள் இறங்கும். ஒரு மழைக்காலம் போனால் பெயிண்ட் பொரிந்து உப்புப் பூக்கும். கூகுள் ரிவ்யூவில் ‘ரூம் ஸ்மெல்’ என்று ஒரு ஸ்டார் வாங்குவது இதற்குத்தான், பெரும்பாலும் பெட்ஷீட்டுக்காக இல்லை.

நல்ல முறை என்னவென்றால் சுவரைத் தொடாமல் விடுவது. விட்டத்தின் ஓரமாக, கதவு நிலைக்கு மேலாக, கண்ணில் படாமல் மெட்டல் குழாயில் வயரை ஓட்டலாம். மெயின் கேபிளைப் பக்கச் சந்தில் பள்ளம் வெட்டிக் கொண்டுபோகலாம். எல்லா அறைக்கும் ஏசி போடத்தான் வேண்டுமா என்றும் யோசிக்கலாம்; முற்றத்தை மூடாமல், கனச் சுவரை மூச்சுவிட விட்டால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஃபேன் போதும் என்பது என் அனுபவம். ஏப்ரல், மே? கண்டிப்பாக ஏசி வேண்டும், அதில் வீரம் காட்டாதீர்கள்.

தீ பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் எனக்குச் சமரசமே கிடையாது. 2019 பிப்ரவரியில் டெல்லி கரோல் பாக்கில் ஒரு ஹோட்டலில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். நடைபாதையில் பதித்திருந்த மரப் பலகை தீப்பிடித்ததால் தப்பிக்க அந்த வழியைப் பயன்படுத்த முடியவில்லை என்று அப்போது தீயணைப்பு அதிகாரிகள் சொன்னார்கள். உங்கள் வீட்டில் தூண், விட்டம், கதவு, படி எல்லாமே மரம். நல்ல வேளை, செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே கைகொடுக்கும்: முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை நேர்கோடு, இரண்டு பக்கமும் வெளியேறலாம். ராத்திரி பின்வாசலைப் பூட்டுப் போட்டுச் சாவியை வாட்ச்மேன் இடுப்பில் செருகிக்கொண்டு போகாமல் இருந்தால் போதும். மாடி அறைதான் பிரச்சினை. ஒரே ஒரு குறுகலான செங்குத்துப் படி. இரண்டாவது வழி செய்ய முடியாவிட்டால் மாடியில் விருந்தினரைத் தங்க வைக்காதீர்கள், அவ்வளவுதான். ஸ்மோக் டிடெக்டருக்கு வயர்லெஸ் வகை கிடைக்கிறது, சுவரை வெட்டவே வேண்டாம். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, உள்ளாட்சி அனுமதி இரண்டையும் திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் தேடாதீர்கள். வரைபடம் போடும்போதே போய்ப் பேசிவிடுங்கள்.

இப்போ பணத்துக்கு வருவோம்

எங்கள் நண்பன் வீட்டுக்கு இந்த வேலைகளை எல்லாம் எழுதிக் கொடுத்து மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவர் 34 லட்சம், ஒருவர் 38, ஒருவர் 45. ஷீட்டில் இருந்தது 6. நடுவில் உள்ள 38-ஐ எடுத்தால் கூடுதலாக 32 லட்சம், ஆளுக்கு 5 லட்சத்துக்கும் மேல். இது அந்த ஒரு வீட்டுக் கணக்கு. உங்கள் வீட்டுக்கு வேறாக இருக்கும், இதை எடுத்து அப்படியே போடாதீர்கள்.

அடுத்து ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள ஹோட்டல் அறைக்கு 5 சதவீதம் வரி. கேட்க நல்லாத்தான் இருக்கு, வாடிக்கையாளருக்கு லாபமும்கூட. ஆனால் அதோடு ஒரு நிபந்தனை: நீங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை இதில் கழித்துக்கொள்ள முடியாது. ஏசிக்கு 18 சதவீதம், கேபிளுக்கு 18, பம்ப்புக்கு 18. 38 லட்சமும் வரிக்கு முந்தைய தொகை என்றால், மேலே கிட்டத்தட்ட 6 லட்சத்து 84 ஆயிரம் வரி. அது திரும்பி வராது, உங்கள் முதலீட்டோடு சேர்ந்துவிடும். கொட்டேஷன் கையில் வந்ததும் ‘ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?’ என்று கேளுங்கள். எங்களுக்கு வந்த மூன்றில் இரண்டு சேர்க்காதது.

நண்பன் தன் 20 லட்சத்தைப் பர்சனல் லோனாக எடுக்கப் பார்த்தான். 12 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் இஎம்ஐ 44,489 ரூபாய். சம்பளத்தில் நாற்பது சதவீதம். ஒரு வருஷம் தாமதமானால், ஒரு ரூபாய் வருமானம் வருவதற்கு முன்பே 5 லட்சத்து 34 ஆயிரம் கட்டியிருப்பான். பழைய வீட்டு வேலையில் தாமதம் வராது என்று யாராவது சொன்னால் அவர்கள் இன்னும் சுவரைத் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கு. கட்டில், சோஃபா, ஃபிரிட்ஜ் எல்லாம் நாளைக்குத் தொழில் சரியாகப் போகவில்லை என்றால் பாதி விலைக்காவது விற்கலாம். சுவரோரம் ஓடுகிற கேபிளையும், தரைக்குள் போன குழாயையும், மண்ணுக்குள் இருக்கிற செப்டிக் டேங்க்கையும் யாரிடம் விற்பீர்கள்? அது வீட்டோடு போய்விடும். வீடு யாருடையதோ, அந்தப் பணம் அவர்களுடையது.

செட்டிநாட்டு வீடுகளில் பலதுக்கு ஒரு ஓனர் கிடையாது, பங்காளிகள் உண்டு. நண்பன் வீட்டுக்கு 14 பேர். அதில் மூன்று பேர் வெளிநாட்டில். மற்ற பங்காளிகளிடம் வாய்வார்த்தையில் பேசி, 11 மாத அக்ரிமெண்ட் போட்டுப் புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்பது இவர்கள் திட்டம். 11 மாதம் ஏன் என்று கேட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் பதிவு செய்யணும், ஸ்டாம்ப் டியூட்டி கட்டணும் என்றான். யோசித்துப் பாருங்க: 38 லட்சத்தை மண்ணுக்குள் புதைக்கப் போகிற ஆள், சில ஆயிரம் மிச்சம் பிடிக்க 11 மாத உரிமையோடு இறங்குகிறான். ஹோட்டல் ஓட ஆரம்பித்து நாலு காசு பார்த்ததும் ஒரு பங்காளி ‘எனக்கு இஷ்டமில்லை’ என்றால் கதை முடிந்தது. எல்லாப் பங்குதாரரும் கையெழுத்துப் போட்ட, பதிவு செய்த, குறைந்தது 15 வருஷ லீஸ் இல்லாமல் ஒரு மீட்டர் வயர்கூட வாங்காதீர்கள். நடுவில் லீஸை முறித்தால் கட்டமைப்புச் செலவில் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதும் அதிலேயே எழுத்தில் இருக்கட்டும்.

‘அப்போ எப்படி அத்தனை பேர் நடத்துறாங்க?’ என்று நீங்கள் கேட்பது புரிகிறது. காரைக்குடியில் தி பங்களா இருக்கிறது, கானாடுகாத்தானில் விசாலம் இருக்கிறது, கடியாப்பட்டியில் சிதம்பர விலாஸ் இருக்கிறது. நன்றாகவே நடக்கின்றன. விசாலத்தை நடத்துவது சிஜிஎச் எர்த் என்கிற ஹோட்டல் நிறுவனம். இந்த மாதிரி இடங்களுக்குப் பின்னால் ஹோட்டல் தொழில் தெரிந்த கம்பெனியோ, அவசரமில்லாத குடும்பமோ இருக்கும். மாதம் 5-ஆம் தேதி இஎம்ஐ கட்ட வேண்டிய ஆறு சம்பளக்காரர்கள் இருந்தால் கணக்கு வேறு. ராஜஸ்தானில் நீம்ரானா கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-ல் வாங்கினார்கள், 1991-ல்தான் திறந்தார்கள், அதுவும் கொஞ்சம் அறைகளோடு. அதன் பிறகு வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அறைகளைக் கூட்டினார்கள். வாங்கியதற்கும் முதல் விருந்தாளிக்கும் நடுவில் ஐந்து வருஷம். உங்கள் பர்சனல் லோன் அதற்குள் முடிந்தே போயிருக்கும்.

அதனால் நான் நண்பனிடம் சொன்னது: 10 அறையை மற. வெளிச்சுவர் உள்ள 3 அறையை மட்டும் எடு. ஆனால் செப்டிக் டேங்க், மெயின் போர்டு, சந்தில் போகிற கேபிள் மூன்றையும் 6 அறைக்கான அளவில் இப்போதே போட்டுவிடு; பள்ளத்தை இரண்டாவது முறை வெட்டுவதுதான் வீண் செலவு. தூணுக்குப் பாலிஷ் வேண்டாம், அது நூறு வருஷமாக நன்றாகத்தான் நிற்கிறது. லோன் வேண்டாம், கையில் உள்ள 8 லட்சத்தோடு வா, எமர்ஜென்சி ஃபண்டில் கை வைக்காதே, ஓடிக்கொண்டிருக்கிற எஸ்ஐபியை நிறுத்தாதே. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘ஹெரிட்டேஜ்’ வகைப்பாடு வேண்டுமென்றால் 1950-க்கு முன் கட்டிய கட்டடமும் குறைந்தது 5 அறையும் வேண்டும். அதை மூன்றாவது வருஷம் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு வருகிற ஆளுக்குச் சுடுதண்ணி வந்தால் சரி.

அவனுக்குக் கோபம். “நீ எப்பவும் இப்படித்தான்டா, எதைச் சொன்னாலும் ஒரு செலவைக் காட்டுவ” என்று போனை வைத்துவிட்டான். நான் பணம் போடவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன், அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான். ஊருக்குப் போய், பங்காளிகளில் மூத்தவரான பெரியப்பச்சியிடம் 15 வருஷ லீஸ் கேட்டிருக்கிறான். லேப்டாப்பைத் திறந்து வைத்து, அறைகள் எப்படி மாறும் என்று டிசைனர் போட்டுக் கொடுத்த த்ரீடி படங்களை ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாராம். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

“எல்லாம் சரிதாம்ப்பா. இத்தனை பேரு குளிக்கிற தண்ணியும் கக்கூஸ் தண்ணியும் எங்கிட்டுப் போகும்?”

அந்தப் படம் இன்னும் வரையவில்லை என்றான். நாளைக்கு பிளம்பரைக் கூட்டிக்கொண்டு போகிறானாம்.